தொற்றுநோய் நேரத்தில் மக்கள் எதைத் தேடுகிறார்கள்? தேடல் தரவைப் படிப்பது எப்படி

2014 செப்டம்பர் 30-ஆம் தேதி அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஒருவருக்கு எபோலா இருப்பது உறுதியானது. அந்த நாட்டில் வைத்துக் கண்டுபிடிக்கப்பட்ட முதல் எபோலா நோயாளி அவர்தான். அடுத்த சில வாரங்களில் அவரைக் கவனித்துக்கொண்ட நர்ஸ்கள் இருவருக்கும், கினியாவில் சிகிச்சைப் பணி செய்துவிட்டு நியூயார்க் திரும்பிய ஒரு டாக்டருக்கும் நோய் உறுதியானது. மொத்தமே நான்கு பேர். ஆனால் அந்த அக்டோபரில் அமெரிக்காவில் ‘எபோலா’ என்ற சொல் எவ்வளவு தேடப்பட்டது என்று, தேடல் போக்குகளைக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் என்ற கருவியில் போட்டுப் பார்த்தால், நாடே படுத்த படுக்கையாகிவிட்டது என்று நினைக்கும்படி கோடு செங்குத்தாக ஏறி நிற்கும். உண்மையில் நோய் ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்தது கினியா, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளை. எல்லாம் முடிவதற்குள் 28,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு 11,000 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இணைய வசதியே அப்போது பெரிதாக இல்லாத அந்த நாடுகளிலிருந்து வந்த தேடல்களின் மொத்த எண்ணிக்கை அமெரிக்காவுக்குப் பக்கத்தில்கூட வந்திருக்காது.

அந்த ஏற்றத்துக்குக் காரணம் என்ன என்று அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிவியில் ஒளிபரப்பான எபோலா செய்தி ஒவ்வொன்றும் பல்லாயிரம் தேடல்களையும் ட்வீட்களையும் கிளப்பிவிட்டிருந்தது தெரிந்தது. அதாவது அந்தக் கோடு காட்டியது நோயை இல்லை, பயத்தை.

சரி, அப்படியென்றால் அது உதவாத தரவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எத்தனை பேருக்கு நோய் என்று அதனிடம் கேட்டால் தப்பான பதில்தான் கிடைக்கும். மக்கள் எதை நினைத்துக் கலங்குகிறார்கள், எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்று கேட்டால், அவ்வளவு வேகமாகவும் வெளிப்படையாகவும் பதில் சொல்லக்கூடிய இடம் வேறு அதிகமில்லை. இந்த இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே இந்த விஷயத்தில் பாதி புரிந்த மாதிரி.

முதலில் ‘வெளிப்படையாக’ என்று ஏன் சொல்கிறேன் என்பதைப் பார்ப்போம். ஒரு தொற்றுநோய் பரவும்போது மக்களின் மனநிலையை அறிய வழக்கமான வழி கருத்துக்கணிப்பு. கேள்விகளைத் தயாரித்து, ஆட்களைத் தேர்ந்தெடுத்து, போன் செய்து, பதில்களைத் தொகுத்து அறிக்கை வருவதற்குள் சில வாரங்கள் ஓடிவிடும், அதற்குள் மக்களின் கவலை வேறொன்றுக்குத் தாவியிருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், கேட்பவர் முன்னால் பலரும் கொஞ்சம் தைரியசாலியாகத்தான் பேசுவார்கள். தடுப்பூசி போடப் பயமாக இருக்கிறது, எனக்குத் தொற்று இருப்பது தெரிந்தால் வேலை போய்விடுமோ, வீட்டில் சொல்லாமல் மறைத்துவிட்டேன் என்பதையெல்லாம் முன்பின் தெரியாத ஒருவரிடம் யார் சொல்வார்கள்? தேடல் பெட்டியில் சொல்வார்கள். அங்கே யாருக்கும் நல்ல பெயர் எடுக்க வேண்டியதில்லை. இன்னொன்று, கருத்துக்கணிப்பில் கேள்வியை நாம்தான் எழுதுகிறோம், நமக்குத் தோன்றாத கவலை அதில் வரவே வராது. தேடலில் கேள்வியை எழுதுவதே மக்கள்தான்.

இந்த யோசனை கொரோனாவோடு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கனடாவில் குந்தர் ஐசன்பாக் என்ற ஆய்வாளர் 2004-05 ஃப்ளூ பருவத்திலேயே இதைச் செய்து பார்த்துவிட்டார், அதுவும் அழகான ஒரு குறுக்குவழியில். தேடல் தரவு அப்போது வெளியாட்களுக்குக் கிடைக்காது. அதனால் அவர் கூகுளில் ஒரு விளம்பரம் வாங்கினார். கனடாவில் யாராவது ஃப்ளூ பற்றித் தேடினால் ‘உங்களுக்கு ஃப்ளூவா?’ என்று கேட்கும் விளம்பரம் பக்கத்தில் வரும், தட்டினால் நோய் பற்றிய விளக்கப் பக்கத்துக்குப் போகும். எத்தனை பேர் தட்டினார்கள் என்பதை வாரம்வாரம் எண்ணி, மருத்துவத் துறையின் ஃப்ளூ கணக்கோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஒத்துப்போயின.

அதற்குப் பிறகு வந்ததுதான் எல்லோரும் பேசிய கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ். 2008 நவம்பரில் தொடங்கினார்கள். மக்கள் அதிகம் தேடிய 5 கோடி சொற்றொடர்களை எடுத்து, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் பழைய ஃப்ளூ கணக்கோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, நன்றாக ஒத்துப்போன 45-ஐத் தேர்ந்தெடுத்து ஒரு கணிப்பு முறையை உருவாக்கினார்கள். சி.டி.சி. அறிக்கை வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். இது கிட்டத்தட்ட ஒரே நாளில் சொல்லிவிடும். பெரிய பாய்ச்சல் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் 2009 வசந்த காலத்தில், ஃப்ளூ வழக்கமாக வராத மாதங்களில் ஒரு புதிய எச்1என்1 வைரஸ் வந்தபோது அது குறைத்துக் கணித்தது. 2012-13 குளிர்காலத்தில் நேரெதிராக, சி.டி.சி. கணக்கைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. 2014-இல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரை, 2011 ஆகஸ்டிலிருந்து 108 வாரங்களைச் சரிபார்த்து, அதில் 100 வாரங்கள் அது கூட்டியே கணித்திருந்தது என்று காட்டியது. 2015 ஆகஸ்டில் அதன் கணிப்புகளை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

எங்கே சறுக்கியது? 5 கோடி சொற்றொடர்களைச் சில ஆண்டுகளின் வாரக் கணக்கோடு ஒப்பிட்டால், நோய்க்குச் சம்பந்தமே இல்லாத சிலவும் தற்செயலாகப் பொருந்தத்தான் செய்யும். அமெரிக்காவில் பள்ளிக்கூட கூடைப்பந்துப் போட்டிகளும் குளிர்காலத்தில்தான் நடக்கின்றன, அதனால் அந்தத் தேடல்களும் ஃப்ளூவோடு சேர்ந்தே ஏறி இறங்கின. அதைக் கையால் எடுத்துப்போட வேண்டியிருந்தது. இதற்கு மேல், கூகுள் தன் தேடல் பக்கத்தை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தது. நீங்கள் ‘இருமல்’ என்று தட்டத் தொடங்கும்போதே ‘இருமல் காய்ச்சல் அறிகுறிகள்’ என்று அதுவே எடுத்துக்கொடுத்தால், அந்தத் தேடலில் பாதி உங்களுடையது, பாதி கூகுளுடையது. மூன்றாவது, நாம் ஏற்கனவே பார்த்தது: செய்திகளில் ஃப்ளூ ஃப்ளூ என்று கத்தினால் தும்மல்கூட வராதவர்களும் தேடுவார்கள்.

பூஜ்யம் முதல் நூறு வரை

நீங்களே கூகுள் டிரெண்ட்ஸைத் திறந்து பார்க்கலாம், இலவசம்தான். ஆனால் பக்கத்தில் தெரியும் எண்களைப் பார்த்து உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அவை தேடியவர்களின் எண்ணிக்கை கிடையாது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் திங்கட்கிழமை மொத்தம் 10 லட்சம் தேடல்கள் நடந்தன, அதில் 500 தேடல்கள் காய்ச்சல் பற்றியவை. ஞாயிற்றுக்கிழமை மொத்தத் தேடல்கள் 20 லட்சம், காய்ச்சல் பற்றியவை 800. எந்த நாளில் கவலை அதிகம்? எண்ணிக்கையைப் பார்த்தால் ஞாயிறு. ஆனால் டிரெண்ட்ஸ் பார்ப்பது பங்கை. திங்களன்று 2,000 தேடல்களுக்கு ஒன்று, ஞாயிறன்று 2,500-க்கு ஒன்று. நீங்கள் எடுத்த காலத்தில் எந்த நாளில் பங்கு மிக அதிகமோ அந்த நாளுக்கு 100 கொடுத்துவிட்டு, மற்ற நாட்களை அதற்கு விகிதமாகச் சுருக்கிவிடும். அதனால் இங்கே திங்கள் 100, ஞாயிறு 80. எண்ணிக்கை ஏறியிருக்க, கோடு இறங்குகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘தேடியவர்கள் 20 சதவீதம் குறைந்துவிட்டார்கள்’ என்று எழுதப்படும் செய்திகளைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும்.

இதிலிருந்து சில விளைவுகள் வருகின்றன. நீங்கள் தேர்ந்தெடுக்கும் காலத்தை மாற்றினால் 100 என்ற புள்ளியே இடம்மாறிவிடும். ஒரு மாதத்துக்கு எடுத்த படத்தில் மலையாகத் தெரிந்தது, ஐந்து வருடத்துக்கு எடுத்தால் தரையோடு தரையாகக் கிடக்கலாம். இரண்டு இடங்களைத் தனித்தனியாகத் தேடி இரண்டிலும் 100 வந்தால் இரண்டும் சமம் என்று அர்த்தமில்லை, ஒரே படத்தில் சேர்த்துப் போட்டால்தான் ஒப்பிட முடியும். தேடல்கள் மிகக் குறைவாக இருந்தால் பூஜ்யம் என்றே காட்டும், யாரும் தேடவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. எல்லாத் தேடல்களையும் எண்ணாமல் அவற்றில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் கணக்கிடுவதால், இன்று பார்த்த எண்ணும் நாளை பார்க்கும் எண்ணும் லேசாக வேறுபடும். ஆய்வுக்குப் பயன்படுத்துபவர்கள் பலமுறை எடுத்துச் சராசரி போடுவார்கள்.

கேள்வியின் வடிவத்தைப் பாருங்கள்

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். எவ்வளவு தேடினார்கள் என்பதைவிட, எப்படிக் கேட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

‘கொரோனா என்றால் என்ன’ என்று தேடுபவர் செய்தி பார்த்தவர். ‘கொரோனா அறிகுறிகள்’ என்று தேடுபவர் செய்தி பார்த்தவராகவும் இருக்கலாம், தொண்டை கரகரத்தவராகவும் இருக்கலாம். ‘எனக்கு வாசனை தெரியவில்லை’ என்று தேடுபவருக்கு உண்மையிலேயே வாசனை தெரியவில்லை. அந்த ‘எனக்கு’ என்ற ஒரு சொல்லில் தேடலின் தன்மையே மாறிவிடுகிறது. 2020 ஏப்ரலில் பொருளியலாளர் சேத் ஸ்டீபன்ஸ்-டேவிடோவிட்ஸ் இதைத்தான் எடுத்துக்காட்டினார்: வாசனை தெரியவில்லை என்று தன்னைப் பற்றிச் சொல்லும் தேடல்கள் அமெரிக்காவில் நியூயார்க், நியூ ஜெர்சி, லூசியானா, மிச்சிகன் ஆகிய மாநிலங்களில் அதிகமாக இருந்தன. அந்த நேரத்தில் தொற்று உச்சத்தில் இருந்த மாநிலங்களும் அவைதான். ஆனாலும் இங்கேயும் கவனம் தேவை. வாசனை இழப்பு ஓர் அறிகுறியாக இருக்கலாம் என்று 2020 மார்ச் பிற்பகுதியில் செய்திகளில் வந்ததுமே, காபிப் பொடியை மோந்து பார்த்துவிட்டு வந்து தேடியவர்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

செய்தியின் சத்தத்தைக் கழித்துவிட்டு நோயின் குரலை மட்டும் கேட்க முடியுமா? ஓரளவு முடியும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த வசிலியோஸ் லாம்போஸ் குழு, அறிகுறிகள் பற்றிய தேடல்களை எடுத்து, செய்திகளால் கிளம்பும் ஆர்வத்தைத் தனியாக மதிப்பிட்டு அதைக் குறைத்துவிடும் ஒரு முறையை உருவாக்கியது. 2021-இல் வெளியான அவர்களின் கட்டுரைப்படி, தேடல் சமிக்ஞை உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளின் கணக்கைவிடச் சராசரியாக 16.7 நாட்கள் முன்னதாகவும், இறப்புக் கணக்கைவிட 22.1 நாட்கள் முன்னதாகவும் வந்தது. ஃப்ளூ டிரெண்ட்ஸின் தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டு செய்த வேலை என்பதால் இதை நான் மதிக்கிறேன். இவர்கள் யாரும் ஆய்வுக்கூடச் சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்குத் துணையாகத்தான் இதை வைக்கிறார்கள்.

சரி, நோயாளிகளை எண்ணுவதை இத்துடன் விட்டுவிட்டு கவலைக்கு வருவோம். ஒரு தொற்றுநோய் தொடங்கியதிலிருந்து மக்கள் கேட்கும் கேள்விகளைத் தேதி வரிசையில் அடுக்கினால் அவை இடம்பெயர்ந்துகொண்டே போவது தெரியும். முதலில் அது என்ன, எங்கே வந்தது, எங்கள் பக்கம் வருமா என்று கேட்பார்கள். அப்புறம் எப்படிப் பரவுகிறது, கதவுப் பிடியைத் தொட்டால் வருமா, எந்த மாஸ்க் நல்லது. நோய் பக்கத்துத் தெருவுக்கு வந்ததும் கேள்விகள் சுருங்கிக் கூர்மையாகும்: சளியா தொற்றா எப்படித் தெரிந்துகொள்வது, சோதனை எங்கே செய்கிறார்கள், எத்தனை நாள் தனியாக இருக்க வேண்டும், தாய்ப்பால் கொடுக்கலாமா. அதற்கடுத்து வருபவற்றைத்தான் சுகாதார அதிகாரிகள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் அவற்றில் நோயின் பெயரே இருக்காது. வாடகை கட்ட முடியாவிட்டால் என்ன செய்வது, சம்பளத்தைப் பிடிப்பார்களா, பரீட்சை நடக்குமா, தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, இறந்தவரின் உடலை வீட்டுக்குத் தருவார்களா. வீட்டிலேயே இருங்கள் என்று அரசு சொல்லும் நாளில் வாடகை பற்றிய தேடல் ஏறுகிறது என்றால், அந்த உத்தரவை மக்கள் ஏன் மீறப்போகிறார்கள் என்பதற்கான காரணம் முன்கூட்டியே கையில் கிடைத்துவிட்டது. நோயின் பெயரை மட்டும் போட்டுத் தேடும் ஆய்வு இதையெல்லாம் பார்க்கவே பார்க்காது.

நேரத்தையும் பாருங்கள். கடைசி ஏழு நாட்களுக்கு டிரெண்ட்ஸ் மணிவாரியாகவே காட்டும். பகலில் விதிமுறைகளைத் தேடும் அதே ஊர், நள்ளிரவில் மூச்சுத்திணறலைத் தேடுகிறதா என்று பார்க்கலாம். உதவி எண்ணுக்கு எந்த நேரத்தில் ஆள் போட வேண்டும் என்பதற்கு அது ஒரு துப்பு.

வதந்தி எங்கே நுழைகிறது

2020 மார்ச் 16-ஆம் தேதி எலான் மஸ்க், மலேரியா மருந்தான குளோரோகுயினைக் கொரோனாவுக்கு யோசித்துப் பார்க்கலாம் என்று ட்வீட் செய்தார். 19-ஆம் தேதி அமெரிக்க அதிபர் டிரம்ப் செய்தியாளர்களிடம் அதே வகை மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினைப் புகழ்ந்தார். அடுத்து, இந்த மருந்துகளை வாங்குவது எப்படி என்ற தேடல்கள் பல மடங்கு எகிறியதை ஓர் ஆய்வு அதே ஏப்ரலில் பதிவுசெய்தது. அந்த மருந்து வேலை செய்கிறதா என்று தேடுவது ஆர்வம், எங்கே வாங்கலாம் என்று தேடுவது செயலுக்கு ஒரு படி முன்னால் நிற்பது. அந்த நேரத்தில் ஒரு சுகாதாரத் துறை விழித்துக்கொண்டால், டாக்டர் சொல்லாமல் வாங்கிச் சாப்பிடாதீர்கள், இதயத் துடிப்பையே பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை சரியான ஆட்களை, அவர்கள் மருந்தை வாங்குவதற்கு முன்னாலேயே போய்ச் சேரும்.

இதைவிட அமைதியான ஆபத்து ஒன்று உண்டு. மக்கள் ஒரு கேள்வியைத் திடீரென்று நிறையக் கேட்கத் தொடங்குகிறார்கள், ஆனால் அதற்கு நம்பகமான பக்கம் எதுவும் இன்னும் எழுதப்படவில்லை. தேடுபொறி வெறும் பக்கத்தைக் காட்டாது, கிடைப்பதைக் கொண்டுவந்து கொட்டும். முதலில் எழுதுபவர் எவரோ அவர் சொல்வதே பதிலாகிவிடும், பெரும்பாலும் அது வதந்திக்காரராக இருக்கும். டிரெண்ட்ஸில் வேகமாக ஏறும் தேடல்களைக் காட்டும் ‘ரைசிங்’ என்ற பட்டியலைத் தினமும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். அதில் ஒரு தேடலுக்குப் பக்கத்தில் சதவீதத்துக்குப் பதிலாக ‘பிரேக்அவுட்’ என்று போட்டிருந்தால், அது 5,000 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கேள்வியை நீங்களே தேடிப் பார்த்து முதல் பக்கத்தில் என்ன வருகிறது என்று படியுங்கள். ஒரு நல்ல பதில்கூட இல்லையென்றால் அன்றைக்கே எழுத வேண்டியது அதைத்தான்.

இந்தக் கணக்கில் யார் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தொற்றால் அதிகம் சாகக்கூடிய முதியவர்கள் பலர் தேடுவதே இல்லை, அவர்களுக்காகப் பேரப்பிள்ளைகள் தேடுகிறார்கள், அப்போது கேள்வி பேரப்பிள்ளையின் மொழியில் இருக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரே போன் என்றால் அது யார் கையில் இருக்கிறதோ அவருடைய கவலைதான் பதிவாகும். வாட்ஸ்அப் குழுவில் கேட்கப்படும் கேள்விகள் இங்கே வராது. மொழி இன்னொரு பெரிய ஓட்டை. ஒரே மொழியைச் சொந்த எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் மாற்றி மாற்றித் தட்டும் மக்கள், அதிலும் ஆளுக்கொரு ஸ்பெல்லிங் போடும் மக்கள், நோயை ஊர்ப்பேச்சில் வேறு பெயரில் சொல்லும் மக்கள் என்று பலவிதம் உண்டு, நிறையப் பேர் இப்போது தட்டாமல் வாயாலேயே கேட்கிறார்கள். ஆய்வாளர் ஆங்கிலச் சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் படித்த, நகரத்து ஆட்களின் கவலை மட்டும் கண்ணில் பட்டு, அதையே நாட்டின் கவலை என்று எழுதிவிடுவார். எல்லா எழுத்து வடிவங்களையும் பட்டியல் போட்டுச் சேர்த்துப் பார்ப்பது சலிப்பான வேலைதான், ஆனால் அதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

தனியுரிமை பற்றியும் ஒரு வார்த்தை. டிரெண்ட்ஸில் நீங்கள் பார்ப்பது கூட்டத்தின் கணக்கு, தனி ஆளின் தேடல் அதில் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2006 ஆகஸ்ட் சாட்சி. ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஆய்வுக்காக என்று சொல்லி சுமார் 6.5 லட்சம் பயனர்களின் தேடல்களைப் பெயரை நீக்கிவிட்டு வெளியிட்டது. தேடிய சொற்களை வைத்தே ஒரு பெண்மணி யார் என்று பத்திரிகையாளர்கள் சில நாட்களில் கண்டுபிடித்துவிட்டார்கள். நோயைப் பற்றிய தேடல் என்றால் இன்னும் ஆபத்து. 2020 செப்டம்பரில் கூகுள் 400-க்கும் மேற்பட்ட அறிகுறிகள் பற்றிய தேடல் போக்குகளை ஆய்வாளர்களுக்காக வெளியிட்டபோது, எந்தத் தனி ஆளையும் பின்தொடர முடியாதபடி எண்களில் வேண்டுமென்றே கொஞ்சம் கலப்படம் செய்துதான் வெளியிட்டது. அது குறையில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

நடைமுறையில் ஒரு சுகாதாரத் துறை இதை எப்படிப் பயன்படுத்தலாம்? தடுப்பூசி வந்த புதிதில் ‘ஊசி போட்டால் குழந்தை பிறக்காதா’ என்ற தேடல் ஒரு பகுதியில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். முதலில் அதே நாட்களில் அதைப் பற்றி ஏதாவது செய்தியோ வைரல் வீடியோவோ வந்ததா என்று பார்க்க வேண்டும். அடுத்து, அந்தப் பகுதியின் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளிலும், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்கள் கேட்டு வரும் பேச்சிலும் இதே கேள்வி இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். இருந்தால் பதில் எழுத வேண்டும், மக்கள் தேடிய அதே வார்த்தைகளில். ‘இனப்பெருக்கத் திறனில் தடுப்பூசியின் தாக்கம்’ என்று தலைப்பு வைத்தால் யார் கண்ணிலும் படாது. ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கேள்வி குறைந்திருந்தால் நல்லது, ஆனால் பதில் போய்ச் சேர்ந்ததாலா அல்லது மக்களின் கவனம் வேறு பக்கம் திரும்பியதாலா என்று கோடு மட்டும் சொல்லாது, அந்தப் பணியாளர்களிடம்தான் திரும்பக் கேட்க வேண்டும். ‘குழந்தை பிறக்காதா’ என்பது போய் ‘கர்ப்பமாக இருக்கும்போது எந்த மாதத்தில் போடலாம்’ என்று கேள்வி மாறியிருந்தால், பதில் போய்ச் சேர்ந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, அடுத்து எழுத வேண்டியது எது என்பதும் தெரிந்துவிட்டது.